மாற்றுக் குறைந்ததா? உரைகல் மாறியதா?

திருமுதுகுன்றம் என்று பழைய ஏடுகள் போற்றும் விருத்தாசலத்தைப் பற்றிப் புராணிகர் ஒரு கதை சொல்வர். சுந்தரர் அவ்வூர்க் கோயிலிலே பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றாராம். கொண்டுசெல்லும் வழியிலே கள்வர் பயம். மணிமுத்தாற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள் என்று ஆண்டவன் அருளினாராம். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடிய கதை இது. இந்தக் கதையிலே பலரும் கவனியாது விட்ட பகுதி ஒன்று உண்டு. பொன்னை ஆற்றிலே போடுமுன் அதிலே ஒரு துண்டை வெட்டி, மாதிரிக்காக மடியிலே வைத்துக்கொண்டார் சுந்தரர். குளத்திலே எடுத்த பொன்னை அந்தத் துண்டோடு வைத்து உரைத்துப் பார்த்தால், மாற்றுக் குறைந்திருந்ததாம்! மீண்டும் பாடினார்; மாற்றுச் சரியாயிற்றாம்.

கதையை நாம் நம்புவோரல்லர். ஆனால் கதாநாயகனின் கருத்தைப் பாருங்கள். வாக்களித்தவர் ஆண்டவனே ஆயினும், கையிலே ஒரு மாதிரித் துண்டு இருக்கட்டும் என்று எண்ணினாரே, அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும். ஏனெனில், நாம் இன்று பேசவிருப்பது கொடுத்த பொன்னின் மாற்றுக் குறைந்த கதையன்று. பொன் அதே பொன். ஆனால் இடையிலே உரைகல்லை மாற்றிவிட்டு, "உன் பொன் போலி" என்று உரைத்தவர்களின் கதை. அவர்கள் கள்வரல்லர், கோட்டை அணிந்து கோலோச்சும் கனவான்கள்!

விருத்தாசலம் பீங்கான் நகரம். நெய்வேலிச் சுரங்கத்திலே நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண் அவ்வூர்ச் சூளைகளுக்கு உயிர். மண்ணைக் கரைத்து, வடித்து, அச்சிலே வார்த்து, உலர்த்தி, ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்திலே சுட்டெடுக்கிறார்கள். மின்கம்பத்திலே ஏறும் காப்புப் பீங்கானும், வீட்டுக் கூடத்திலே நிற்கும் பொம்மையும் அந்த நெருப்பிலே பிறந்தவை. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பாடமாகக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே உண்டு. அங்கே சென்று சூளைக்காரர் எவரையேனும் கேளுங்கள்: "அய்யா, பாண்டம் வெந்து இறங்கியபிறகு, அச்சை மாற்றிவிட்டேன், நீயும் உருவை மாற்றிக்கொள் என்று பாண்டத்திடம் சொல்வீரா?" நகைப்பார். மண் ஈரமாயிருக்கும்போது மாற்றலாம். சுட்டபின் மாற்றினால் உடையும். எழுத்தறியாத் தொழிலாளிக்கும் தெரிந்த இந்த நீதி, இலண்டன் மாநகரத்து அமைச்சரவைக்குத் தெரியவில்லை!

நடந்ததைக் கேளுங்கள்.

2002 ஜனவரியிலே பிரிட்டிஷ் அரசு உயர்திறனாளர் குடியேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மருத்துவர் வருக, பொறியாளர் வருக, கணக்கர் வருக, கணினி வல்லார் வருக என்று உலகெங்கும் அழைப்பு. படிப்புக்கு இத்தனை புள்ளி, அனுபவத்துக்கு இத்தனை புள்ளி, ஈட்டிய ஊதியத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு. கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடையேறிய என்போன்றோருக்கு அந்தக் கணக்கிலே இடமில்லை. அதுபற்றி எனக்கு வருத்தமுமில்லை. இடம் கிடைத்தோருக்கு இழைக்கப்பட்டதுதான் வருத்தம்.

2003 அக்டோபர் இறுதியிலிருந்து 65 புள்ளி பெற்றால் போதும் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: "பிரிட்டனையே என் முதன்மை வாழ்விடமாகக் கொள்வேன்" என்று வருபவர் எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தார்கள். சொந்த ஊரிலே வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள், பெற்றோரைப் பிரிந்தார்கள், பிள்ளைகளை அந்நாட்டுப் பள்ளியிலே சேர்த்தார்கள். விசாவை நீட்டிக்கும் காலம் வந்தால், உழைத்துப் பொருளீட்டி வருகிறேன், அல்லது அதற்கான முயற்சியிலே இருக்கிறேன் என்று காட்டினால் போதும். நான்கு ஆண்டு கழிந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. திட்டம் பிற்பாடு திருத்தப்பட்டாலும், ஏற்கெனவே வந்துவிட்டவரை அது பாதிக்காது என்று அரசே அச்சிட்டுத் தந்த வழிகாட்டி ஏட்டிலே உறுதி இருந்தது. வாய்ச்சொல்லன்று, தோழர்களே, அச்செழுத்து!

அந்த அச்செழுத்தின் ஆயுள் எவ்வளவு? 2006 ஏப்ரலிலே நான்கு ஆண்டு ஐந்தாண்டாயிற்று. அதே ஆண்டு நவம்பரிலே புள்ளிக்கணக்கே புரண்டது. 65 போதாது, 75 வேண்டும். பணி அனுபவத்துக்கு இருந்த புள்ளி பறிக்கப்பட்டது. அதன் இடத்திலே இளவயதுக்குப் புள்ளி புகுத்தப்பட்டது. புதிதாக வருவோருக்கு மட்டுமா? இல்லை! உள்ளே வந்து, உழைத்து, வரி கட்டிக்கொண்டிருப்பவரும் நீட்டிப்புக் கேட்கும் நாளிலே இந்தப் புதிய கணக்கிலே தேறவேண்டும். தேறாவிடில் மூட்டை கட்டவேண்டும்.

கொடுமையின் நுட்பத்தைக் கவனியுங்கள். அனுபவத்துக்கு மதிப்பு என்று அழைத்தார்கள். அனுபவம் எப்படி வரும்? ஆண்டுகள் கழிந்தால் வரும். ஆண்டுகள் கழிந்தால் வயது ஏறும். ஏறிய வயதைக் காட்டி, இப்போது உனக்குச் சுழியம் என்கிறார்கள்! எந்தத் தகுதிக்காக அழைத்தார்களோ, அந்தத் தகுதியையே குற்றமாக்கிய குயுக்தி இது. விருத்தாசலத்துப் பயிலகத்திலே படித்து, பின்பு பட்டமும் பெற்று, பதினைந்தாண்டு தொழிற்சாலை அனுபவத்தோடு கப்பலேறியவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை சூளையிலே வெந்து சேர்த்த காசு அவன் பயணச் செலவு. அவனிடம், "நீ ஏன் இருபத்தேழு வயதிலே நின்றுவிடவில்லை?" என்று கேட்டால் என்ன சொல்வான்? அவன் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவன் நிலையிலே தவித்தோர் பல்லாயிரவர்.

வயதை வைத்து வாயிலை அடைப்பது ஆங்கில ஆட்சிக்குப் புதிய வித்தையன்று. 1858இல் விக்டோரியா அரசியார் பிரகடனம் வெளியிட்டார்: இனத்தையும் சமயத்தையும் பாராது, தகுதியுள்ள இந்தியருக்குப் பதவி உண்டு என்று. நம்பிப் படித்தார்கள். 1869இல் சுரேந்திரநாத் பானர்ஜி சிவில் சர்வீஸ் தேர்விலே தேறினார். வயதுக் கணக்கிலே குறை கண்டு பெயரை நீக்கினார்கள். இலண்டன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டித்தான் அவர் மீண்டும் இடம் பெற்றார். பிறகு 1876இல், தேர்வு எழுதும் வயது வரம்பையே 21லிருந்து 19ஆகக் குறைத்தார்கள். கடல் கடந்து சென்று, அயல்மொழியிலே, பத்தொன்பது வயதுக்குள் எழுதவேண்டும்! கொடுத்த வாக்கை நிறைவேற்றும் எண்ணமே இருந்ததில்லை, நேர்மை குன்றிய வழியையே தேர்ந்தோம் என்ற கருத்தை வைசிராய் லிட்டனே 1878இல் தம் இரகசியக் குறிப்பிலே எழுதிவைத்தார். பானர்ஜி என்ன செய்தார்? அழுது அமர்ந்தாரா? 1877இல் ஊர் ஊராகச் சென்று, கூட்டம் கூட்டி, நாட்டையே தட்டி எழுப்பினார்.

2006இலும் அழுது அமரவில்லை, அவதிப்பட்டோர். உயர்திறனாளர் திட்ட மன்றம் என்று ஓர் அமைப்பைக் கண்டார்கள். அமித் கபாடியா என்பவர் அதனை முன்னின்று நடத்தினார். நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழுவிடம் முறையிட்டார்கள். 2007 ஆகஸ்டிலே அந்தக் குழு, இந்த மாற்றம் குடும்ப வாழ்வுக்கான உரிமைக்கு மாறானது, நியாயத்தின் அடிப்படைக்கே புறம்பானது என்று அறிக்கை தந்தது. அரசு அசையவில்லை. வழக்குமன்றம் சென்றார்கள். 2008 ஏப்ரல் 8ஆம் நாள், நீதிபதி சர் ஜார்ஜ் நியூமன், ஏற்கெனவே திட்டத்தின்கீழ் வந்தோருக்குத் தந்த வாக்கு காக்கப்படவேண்டும், புதிய விதியை அவர்மீது சுமத்தியது சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலிலே, நான்காண்டை ஐந்தாண்டாக்கியதும் பழையவருக்குப் பொருந்தாது என்று மற்றொரு தீர்ப்பும் வந்தது.

எது வென்றது? மடியிலே வைத்திருந்த மாதிரித் துண்டு! அரசு அச்சிட்ட அந்தப் பழைய வழிகாட்டி ஏடுதான் சாட்சிக்கூண்டிலே ஏறி, "இவர்கள் சொன்ன சொல் இது" என்று காட்டிற்று.

"பார்த்தீரா பிரிட்டிஷ் நீதியை!" என்று பூரிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினேழு மாதம். அந்தப் பதினேழு மாதத்திலே விசா முடிந்தவர், வேலை இழந்தவர், குழந்தையின் படிப்பை நடுவிலே நிறுத்திவிட்டு விமானம் ஏறியவர், இவர்களுக்கு எந்த நீதிபதி அந்த மாதங்களை மீட்டுத் தருவார்? தீர்ப்பு வந்தபோது பாண்டம் சிலருக்கு உடைந்துவிட்டிருந்தது. நீதியைப் பாராட்டுவோம், ஆனால் நீதிமன்றம் வரை ஓடவைத்த அநீதியை மறவோம்.

பாடம் கற்றார்களா? 2012 ஜூலையிலே அந்நாட்டு உச்சநீதிமன்றம், நாடாளுமன்றத்தின்முன் வைக்காத நிபந்தனையைக் காட்டி விண்ணப்பத்தை மறுக்கலாகாது என்று இடித்துரைத்தது. 2019 ஏப்ரலிலே, வருமானக் கணக்கிலே பிழை கண்டவுடன் நேர்மையற்றவர் என்று முத்திரை குத்தி விரட்டுமுன், அவர் தரப்பைக் கேட்டாகவேண்டும் என்று முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. இடித்துரைக்க இடித்துரைக்க, உரைகல்லை மாற்றும் கை ஓயவில்லை.

2020 டிசம்பரிலே திறன்மிகு தொழிலாளர் விசா வந்தது. 70 புள்ளி வேண்டும். 2024 தொடக்கத்திலே அதன் பொது ஊதிய வரம்பு 26,200 பவுனாக இருந்தது. 2024 ஏப்ரல் 4ஆம் நாள் ஒரே தாவலில் 38,700 ஆயிற்று. அது கன்சர்வேட்டிவ் கட்சியின் கைங்கரியம். 2025 ஜூலை 22ஆம் நாள் 41,700 ஆயிற்று. அது தொழிலாளர் கட்சியின் திருப்பணி. முன்பே வந்தவருக்குக் குறைந்த தனி வரம்பு வைத்திருக்கிறோமே என்பார்கள். உண்மைதான், வைத்தார்கள். ஆனால் அந்தத் தனி வரம்பும் 29,000லிருந்து 31,300க்கு ஏறிற்றே! தொழிலாளியின் சம்பளம் அவன் கையிலா இருக்கிறது, சர்க்கார் கோடு உயரும்போதெல்லாம் தானும் உயர்வதற்கு? முதலாளி உயர்த்தினால் உண்டு. இல்லையேல் ஊர் திரும்பவேண்டும். சர்க்கார் கோட்டை உயர்த்துகிறது. முதலாளி கையிலே கயிறு சேர்கிறது. விசாவுக்கு அஞ்சுபவன் கூலி கேட்பானா? சங்கம் சேர்வானா?

2025 நவம்பரிலே இன்னொரு யோசனையை வைத்தார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்தாண்டு போதாது, பத்தாண்டு வேண்டும். முதியோரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, உறங்கவைக்கும் பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்குப் பதினைந்தாண்டு. ஆண்டுக்கு 1,25,140 பவுன் ஈட்டும் சீமானுக்கோ மூன்றாண்டு! ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்து, உரிமை பெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் இது பொருந்தும் என்று யோசனையிலேயே சொன்னார்கள். கொரோனா காலத்திலே வாசலில் நின்று கைதட்டி வாழ்த்தினார்களே, அந்தக் கைகள் எழுதிய கணக்கா இது? 2006இலும் தொழிலாளர் கட்சி. 2025இலும் தொழிலாளர் கட்சி. பெயரிலே தொழிலாளர் இருக்கிறார், நெஞ்சிலே?

பீங்கானைப் பற்றிப் பேசினோம். இங்கிலாந்திலும் ஒரு பீங்கான் மேதை இருந்தார். ஜோசையா வெட்ஜ்வுட் என்று பெயர். 1787இல் அவர் தம் சூளையிலே ஒரு சிறு பதக்கம் செய்தார். விலங்கிட்ட நீக்ரோ அடிமை மண்டியிட்டு, நானும் மனிதனல்லவா, சகோதரனல்லவா என்று கேட்கும் உருவம். அந்தப் பதக்கத்தை ஆங்கிலச் சீமாட்டிகள் அணிகலனாக அணிந்தார்கள். அடிமை வணிகத்தை ஒழிக்கும் இயக்கத்துக்கு அது சின்னமாயிற்று. அந்த மண்ணிலே மனிதநேயம் இல்லாமற் போகவில்லை, தோழர்களே! அங்குள்ள நல்லோரிடம் நமக்குப் பகையில்லை. அவர்களுடைய வெட்ஜ்வுட்டின் கேள்வியையே அவர்களுடைய அமைச்சர்களிடம் கேட்கச் சொல்கிறோம்.

"ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வாயிலைத் திறக்கவும் மூடவும் உரிமை இல்லையா?" என்று கேட்பர். உண்டு, மறுக்கவில்லை. நாளை வருபவனுக்கு வாயிலை மூடு. அது உன் கொள்கை. நேற்று நீயே அழைத்து, நீயே கதவைத் திறந்து, நீயே உறுதி எழுதி வாங்கி உள்ளே விட்டவனிடம், "உன் வாசற்படியை நான் உயர்த்திவிட்டேன், மறுபடி தாண்டு" என்றால், அது கொள்கையன்று, வாக்குத் தவறல். குடியேறுவோரிடம் கருணை காட்டாத அமெரிக்காவின் டிரம்ப் ஆட்சியே, 2025 செப்டம்பர் 19ஆம் நாள் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஆணையிட்டு உலகைக் கலங்கவைத்தபோது, மறுநாளே அது புதிய விண்ணப்பத்துக்கு மட்டுமே என்று விளக்கம் தரவேண்டியிருந்தது. அந்த ஆணை அடாதது. ஆயினும் பழையவர் வேறு, புதியவர் வேறு என்ற பாகுபாடு அங்கேயே தேவைப்பட்டதே!

"ஆசைப்பட்டுப் போனார்கள், அனுபவிக்கட்டும்" என்பார் வேறு சிலர். கூலிக்காக இலங்கை மலைக்குப் போன தமிழனிடமும் இதைத்தான் சொன்னார்கள். காட்டை அழித்துத் தேயிலைத் தோட்டமாக்கினான், 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் டில்லியும் கொழும்பும் அமர்ந்து, இத்தனை இலட்சம் எனக்கு, இத்தனை இலட்சம் உனக்கு என்று மனிதரைப் பங்கிட்டன. பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. அந்த வடு ஆறாத இனம் நாம். உழைப்பை வாங்கிக்கொண்டபின் விதியை மாற்றுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியும்.

டில்லி என்ன செய்தது? 2025 ஜூலை 24ஆம் நாள், பிரதமர் இருவரும் உடனிருக்க, இந்திய–பிரிட்டிஷ் வர்த்தக உடன்பாடு கையெழுத்தாயிற்று. தேதியைக் கவனியுங்கள்: ஊதிய வரம்பு உயர்ந்து இரண்டே நாள் கழித்து! ஸ்காட்லாந்து விஸ்கிக்கு 150 சதவீத வரி 75 ஆகும், பத்தாண்டிலே 40 ஆகும் என்று உறுதி தந்தார்கள். விஸ்கிப் புட்டிக்குப் பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. வியர்வை சிந்துபவனுக்கு அடுத்த ஏப்ரல் வரைகூட உத்தரவாதமில்லை! கம்பெனிகள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியருக்கு மூன்றாண்டு சமூகப் பாதுகாப்புச் சந்தா விலக்கு வாங்கினோம் என்று மார்தட்டுகிறார்கள். வாங்கியது நன்றே. ஆனால் அங்கேயே வேலைக்கமர்ந்த நம் செவிலியருக்கும் பொறியாளருக்கும், நுழைந்த நாளின் விதியே நீட்டிப்புக்கும் செல்லும் என்று ஒரு வரி வாங்க முடியவில்லையா? கேட்டீர்களா? கேட்டு மறுத்தார்களா? நாட்டுக்குச் சொல்லுங்கள்!

டில்லிக்கு இதிலே நா எழாததற்குக் காரணம் இருக்கிறது. உரைகல்லை மாற்றும் வித்தையை அதுவே இங்கே செய்ததல்லவா? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரிக்கு வாயில் என்று, நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006இலேயே சட்டம் செய்தது தமிழகம். அதை நம்பிப் படித்தாள் விருத்தாசலத்துக்கு அண்டை மாவட்டமான அரியலூரின் குழுமூர் அனிதா. 1200க்கு 1176 பெற்றாள். 2017 ஆகஸ்டு வரை விலக்கு உண்டு, உண்டு என்று நம்பவைத்துவிட்டு, கடைசி நேரத்திலே 'நீட்' ஒன்றே கணக்கு என்றார்கள். செப்டம்பர் 1ஆம் நாள் அந்தச் செல்வத்தை இழந்தோம். அவள் பொன்னிலே மாற்றுக் குறைவா? இல்லை, உரைகல்லை மாற்றினார்கள். குழுமூரிலே நடந்ததும் இலண்டனிலே நடப்பதும் ஒரே அநீதியின் இரண்டு முகங்கள்.

ஆகவே நாம் வைக்கும் கோரிக்கை மூன்று. நுழைந்த நாளின் விதியே நீட்டிப்புக்கும் நிரந்தர உரிமைக்கும் செல்லும் என்ற நிபந்தனையை, தொழிலாளரை ஏற்கும் ஒவ்வொரு நாட்டோடும் டில்லி எழுதி வாங்கவேண்டும். 2021இலே அயலகத் தமிழர் நலனுக்கென அமைச்சர் கண்ட தமிழக அரசமைப்பு, விதி மாறும் நாளிலேயே தமிழிலே விளக்கம் தரும் சட்ட உதவி மையத்தை நடத்தவேண்டும். விருத்தாசலம் போன்ற தொழில் நகரங்களிலே, படித்தவன் கப்பலேறாமலே வாழும் அளவுக்குச் சூளைகளுக்குப் புதுக் கருவியும் கடனும் சந்தையும் தரவேண்டும். போவது அவனுடைய விருப்பமாக இருக்கட்டும்; வேறு வழியின்மையாக இருக்கவேண்டாம்.

கழகத் தோழர்களுக்கு வேலை உண்டு. உங்கள் ஊரிலே பிள்ளையை அயல்நாடு அனுப்பிய வீடுகளுக்குச் செல்லுங்கள். சொல்லுங்கள்: விண்ணப்பித்த நாளிலே இருந்த விதியையும் வழிகாட்டி ஏட்டையும் அச்செடுத்துப் பத்திரப்படுத்தட்டும், அதுதான் மாதிரித் துண்டு. சம்பளச் சீட்டும் வரிக்கணக்கும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கட்டும். பிரிட்டனிலே, விசாக் காலம் முடியுமுன் நீட்டிப்புக்கு மனுச் செய்தால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும் என்பது சட்டம். ஒருநாள் தவறினாலும் அந்தக் காப்பு இல்லை. மனு நிலுவையிலே இருக்கையில் நாட்டை விட்டு வெளியேறினால் மனுவே வீழும். தரகன் பேச்சை நம்பாது, அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரை நாடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக நிற்கவேண்டாம், சங்கமாக நிற்கட்டும். 2008இலே வென்றது தனி மனிதனின் கண்ணீரன்று. திரண்டு நின்றோரின் துணிவு.

சுந்தரர் பாடியதும் மாற்றுச் சரியாயிற்றாம். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் பாடினால் எந்தச் சர்க்காரின் உரைகல்லும் திரும்பாது. ஏட்டைக் காட்டவேண்டும், எண்ணிக்கையைக் காட்டவேண்டும், ஒற்றுமையைக் காட்டவேண்டும். சூளையிலே சுட்ட மண் வளையாது. சுடப்பட்ட மனிதனும் வளையலாகாது. வாக்குத் தந்தவர் இலண்டனிலே இருந்தாலும் டில்லியிலே இருந்தாலும், வாக்கைக் காக்கும்வரை கேட்போம். திரண்டு கேட்போம்!